பெரிய டயர் போட எத்தனை அங்குலம் தூக்கணும்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என்னிடம் 2021 மகிந்திரா தார் ஏஎக்ஸ் டீசல் இருக்கிறது. கம்பெனி டயர் 245/75 ஆர்16. அதற்குப் பதிலாக 285/75 ஆர்16 மட் டயர் போட ஆசை. ஒரு கடையில் 3 அங்குல லிஃப்ட் இல்லாமல் நடக்காது என்கிறார்கள். இன்னொரு கடையில் 2 அங்குல ஸ்பேசர் போதும், அரை நாள் வேலை என்கிறார்கள். வார நாட்களில் ஆபீஸ், மாதம் ஒரு தடவை மலைப்பாதை. எந்தக் கடை சொல்வது சரி?”

லிஃப்ட் என்றால் சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் உடலை உயர்த்துவது. ஸ்பேசர் என்றால் அதற்காக ஷாக் அப்சார்பரின் தலையில் வைக்கும் வட்டு. இரண்டு கடையுமே டயரை உங்கள் வண்டியில் வைத்துப் பார்க்காமல் பதில் சொல்லியிருக்கின்றன. என் பதில் இது: 285தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 2 அங்குலம், அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். 265/75 ஆர்16க்கு இறங்கிவர மனமிருந்தால் 1 அங்குலம் தாராளம், ஒன்றுமே தேவைப்படாமலும் போகலாம். உங்கள் ஓட்டத்துக்கு நான் 265ஐத்தான் சொல்வேன்.

கணக்கைப் பாருங்கள். 245/75 ஆர்16 என்றால் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் அதில் 75 சதவீதம். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் 16 அங்குல ரிம். மொத்த உயரம் 774 மி.மீ. இதே கணக்கில் 285/75 ஆர்16 போட்டால் 834. வித்தியாசம் 60. ஆனால் ஆக்சிலுக்குக் கீழே பாதி, மேலே பாதி. வீல் ஆர்ச்சை, அதாவது சக்கரத்துக்கு மேலே உள்ள பாடி வளைவை, நோக்கி டயர் ஏறுவது 30 மி.மீ.தான், அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்குள். அதற்கு 76 மி.மீ. தூக்கச் சொல்வது எதற்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே தாரின் எல்எக்ஸ் வகையில் கம்பெனியே 255/65 ஆர்18 போட்டுத் தருகிறது. அதன் உயரம் 789. லிஃப்ட் எதுவும் இல்லாமல் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகிறது. 265/75 ஆர்16 என்பது 804. எல்எக்ஸ் டயரோடு ஒப்பிட்டால் மேலே ஏறுவது ஏழரை மி.மீ., இரண்டரை நூல் கணக்கு. 265ஐ நான் தைரியமாகச் சொல்வது இதனால்தான்.

இப்போது பலரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். உயரமான ஸ்பிரிங் போட்டால் மாறுவது வண்டி நிற்கும் உயரம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி, எதிர்ச் சக்கரத்தின் ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது அந்தச் சக்கரம் எதுவரை மேலே போகும் என்பதை ஸ்பிரிங் முடிவு செய்வதில்லை, பம்ப் ஸ்டாப் எனும் தடுப்புக் கட்டைதான் முடிவு செய்கிறது. அதை மாற்றாவிட்டால் 3 அங்குலம் தூக்கிய வண்டியிலும் சக்கரம் பழைய இடத்துக்கே போய் நிற்கும், டயர் ஆர்ச்சில் உரசும். கடை வாசலில் நாலு விரல் இடைவெளி தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது.

உரசல் மேலே மட்டுமல்ல, முன்னும் பின்னும் வரும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயரின் ஒரு ஓரம் முன் பம்பர் பக்கமும் மறு ஓரம் சேஸிஸ் பக்கமும் போகிறது. எத்தனை அங்குலம் தூக்கினாலும் இது பெரிதாகத் தீராது. ரிம்மின் ஆஃப்செட்டை, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பதை, மாற்ற வேண்டும், அல்லது பம்பர் மூலையையும் உள் பிளாஸ்டிக்கையும் வெட்ட வேண்டும். கூடவே, 285/75 ஆர்16 டயருக்கு ரிம் அகலம் குறைந்தது ஏழரை அங்குலம் வேண்டும். உங்கள் ரிம்மில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு டயருக்கு முன்பணம் கொடுங்கள்.

இனி ஸ்பேசர் கடை. தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலொன்று கீழொன்றாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக, கீழ்க்கையின் இடையில் ஊன்றி நிற்கின்றன. கை நீண்டு போய் முனையில்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. அதனால் ஷாக்கின் தலையில் 25 மி.மீ. வட்டு வைத்தால் சக்கரத்தில் 25 வராது, நாற்பதை ஒட்டி வரும். ஆகவே “2 அங்குல ஸ்பேசர்” என்பது வட்டின் தடிமனா, வண்டி ஏறும் உயரமா என்று கேளுங்கள். தடிமன் என்றால் அது 2 அங்குல வேலை இல்லை, 3 அங்குலத்தையும் தாண்டிய வேலை. கடைப் பையனுக்கே பல சமயம் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

3 அங்குலத்தை நான் ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்றால், ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள ஒரு வண்டியை ஆசைப்பட்டு அந்த உயரத்துக்கு ஏற்றினேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ரிம்மின் உள்பக்கம் வட்டமாகக் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் மடிப்போடு மடிப்பு உரசிக் கிழிந்துபோயிருந்தது. காரணம் எளிது. இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் முன் டிஃபரென்ஷியல் சேஸிஸோடு மேலே போய்விடுகிறது, சக்கரம் கீழேயே நிற்கிறது, நடுவில் உள்ள ஆக்சில் எப்போதும் சாய்ந்த நிலையிலேயே சுற்றுகிறது. கைகளைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் அதே கதி. சக்கரம் கீழே தொங்க வேண்டிய இடத்தை நிற்கும்போதே தின்றுவிட்டதால், சின்னப் பள்ளத்தில்கூட ஷாக் முழுசாக நீண்டு ‘டக்’கென்று இடிக்கும்.

தாரின் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே முழு ஆக்சில். அங்கே பூட் பிரச்சினை கிடையாது. ஆனால் அடியில் குண்டாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் எந்த லிஃப்ட்டாலும் ஒரு மி.மீ.கூட உயராது. அதைத் தூக்குவது டயர் மட்டுமே: 285 என்றால் 30, 265 என்றால் 15. பாறையில் முதலில் தட்டுவது அந்தக் குண்டுதான்.

எனவே செய்ய வேண்டியது இது. வாங்க நினைக்கும் அளவில் ஒரே ஒரு டயரை, ரிம்மோடு, நண்பரிடமோ கடையிலோ இரவல் வாங்குங்கள். முன் இடதுபக்கம் மாட்டுங்கள். டயரின் தோள்பட்டை முழுக்க சாக்பீஸால் தடவுங்கள். பிறகு அந்தச் சக்கரத்தை ஒரு மேட்டில் மெதுவாக ஏற்றி, எதிர்மூலையில் உள்ள பின்சக்கரத்துக்கும் ஒரு மேடு கொடுத்து, ஸ்பிரிங் நன்றாக அமுங்கியதும் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒடியுங்கள். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியும். ஆர்ச்சின் உச்சியில் ஒட்டியிருந்தால் பம்ப் ஸ்டாப்பும் கொஞ்சம் லிஃப்ட்டும். பம்பர் மூலையில் என்றால் வெட்டு வேலை. உள்ளே விஷ்போனில் என்றால் ஆஃப்செட். இன்னும் துல்லியம் வேண்டுமானால் மெக்கானிக்கிடம் சொல்லி முன் காயிலைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றிப் பாருங்கள். இதைச் செய்துகாட்ட ஒப்புக்கொள்ளும் கடையில் வேலையை நம்பிக் கொடுக்கலாம்.

லிஃப்ட் போட்ட பிறகு அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் உயரமும் சேர்ந்து கணக்கு குழம்பும். சக்கர மையத்திலிருந்து ஆர்ச் விளிம்புவரை அளங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் போடும் எண்ணம் இருந்தால் ஸ்பிரிங் வாங்கும்போதே சொல்லுங்கள். அந்தப் பாரத்தில் 50 மி.மீ. ஸ்பிரிங் முழு 50ஐத் தராது. பிறகு அலைன்மென்ட், ஹெட்லைட் சாய்வு, பிரேக் ஹோஸ் நீளம், ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா என்பதெல்லாம் வழக்கமான வேலை.

அன்றாட ஓட்டத்தில் 285 இன்னொரு விலையும் கேட்கும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 65ல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர் எல்லாம் எட்டு சதவீதம் நீண்டதுபோல ஆகும், மலை ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஓட்ட வேண்டிவரும். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பழைய மகிந்திரா ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான டயர், கட்டை ஸ்பிரிங், நிறைய ஆட்கள், தினமும் அந்தக் கல்பாதை. லிஃப்ட் கிட் என்ற சொல்லே அந்த டிரைவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை இறுக்கமாகவே படித்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இதைத்தான். ஆர்டிஓ நிறுத்துவாரா மாட்டாரா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

கடைசியாக, எந்த அளவு வாங்கினாலும் ஐந்தாக வாங்குங்கள். பஞ்சரானதும் பழைய சின்ன ஸ்டெப்னியை ஒரு பக்கம் போட்டு ஃபோர் வீலில் ஓட்டினால் டிஃபரென்ஷியல் ஓயாமல் அரைபடும். 285 மட் டயரின் பாரத்தைப் பின்கதவுக் கீல் தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்காது என்றால், 265க்கு இறங்கிவர அது இன்னொரு காரணம்.