செக் ராணுவ காமெடியும் கைடு கேட்கிற டேபிளும்

கேள்வி: எம்.ஏ. காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். 1992-ல் வந்த 'செர்னி பரோனி' (கறுப்புப் பிரபுக்கள்) என்ற செக் ராணுவ நகைச்சுவைப் படம்தான் என் ப்ராஜெக்ட். பெண் பாத்திரங்கள் ரொம்பக் குறைவு, ஸ்லோவாக் பேசும் மேஜரைக் கோமாளியாகக் காட்டுகிறார்கள். கைடு 'பன்முகத்தன்மை டேபிள்' கேட்கிறார். பன்முகத்தன்மை இல்லாத படம் என்று முடித்துவிடலாமா?

பதில்: பெண்கள் குறைவு என்பது சரி, அதை அப்படியே எழுதுங்கள், 'ராணுவ முகாம்தானே' என்று படத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். ஆனால் உங்கள் முடிவு தப்பு.

1950 முதல் 1954 வரை செக்கோஸ்லோவாக் ராணுவத்தில் துணைத் தொழில்நுட்பப் பட்டாளங்கள் என்று இருந்தன. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அன்றைய கம்யூனிஸ்ட் அரசு நம்பாத ஆட்களைக் கட்டாய வேலைக்கு அனுப்புவதற்கு வைத்த ஏற்பாடு அது. பாதிரியார், நிலம் வைத்திருந்தவரின் மகன், கடை முதலாளியின் மகன், வெளிநாட்டில் சொந்தக்காரர் இருப்பவன் என்று எல்லாரும் ஒரே பாரக்கில். கையில் துப்பாக்கி கிடையாது. சுரங்கம், கட்டட வேலை. தோளில் கறுப்புப் பட்டி, படத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். நீங்கள் தேடுகிற பன்முகத்தன்மை இந்த பாரக்கில்தான் இருக்கிறது, அதை உண்டாக்கியது ஆள் ஆளுக்கு அரசு வைத்திருந்த ஃபைல். ஒவ்வொரு சிப்பாயும் ஏன் இங்கே தள்ளப்பட்டான் என்று குறித்துக்கொண்டே பாருங்கள். ஆண் எத்தனை பெண் எத்தனை என்ற டேபிளில் இது வரவே வராது.

இந்த இடத்தில்தான் ப்ராஜெக்ட் சென்டர்காரர்கள் வந்து நிற்பார்கள். தயவுசெய்து போகாதீர்கள். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் ஒரே டேபிள், ஒரே முடிவுரை, படத்தின் பெயர் மட்டும் மாறும். 'கறுப்பு' என்று பார்த்ததும் நிறவெறி என்று ஒரு அத்தியாயம் எழுதிக் காசு வாங்கிவிடுவார்கள், வைவாவில் முழிப்பது நீங்கள்தான். பிள்ளைகளை அங்கே துரத்துவது யார் என்றால், படத்தையே பார்க்காமல் டேபிள் கேட்கிற துறைகள்தான், அதைச் சொன்னால் கோபம் வருகிறது.

அப்புறம் மேஜர். சிப்பாய்கள் 'தெராஸ்கி' என்று பட்டப்பெயர் வைத்த ஆள். படிப்பில்லாதவன் கையில் அதிகாரம் என்பதுதான் முக்கியக் கேலி, ஆகவே பொதுவாக அதை ஸ்லோவாக் இழிவு என்று எழுத முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு, இதை விட்டுவிடாதீர்கள். அவர் சொல்கிற விஷயத்தில் சிரிக்க எதுவுமே இல்லாமல், ஸ்லோவாக் கலந்து பேசுகிறார் என்பதற்காக மட்டும் சிரிப்பு வருகிற இடங்கள் இருந்தால், அங்கே கேலி பதவியை விட்டு மொழிக்குப் போய்விடுகிறது, அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். அதே வசனத்தைச் செக் பேசும் அதிகாரி சொன்னாலும் சிரிப்பு வருமா என்று கேட்டுப் பாருங்கள். வரும் என்றால் பதவிக் கேலி, வராது என்றால் மொழிக் கேலி. ஆங்கில சப்டைட்டிலை நம்பினால் இது தெரியவே தெரியாது, அதில் இரண்டு மொழியும் ஒன்றாகிவிடும். இரண்டும் தெரிந்த ஒருவரை அரை நாள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

1993 ஜனவரி 1-ல் நாடு செக், ஸ்லோவாக்கியா என்று இரண்டாகப் பிரிந்தது, படம் அதற்கு முந்தைய வருடம் வந்தது. அந்த வெறுப்பில்தான் மேஜரை இப்படிப் படைத்தார்கள் என்று எழுத ஆசை வரும், எழுதாதீர்கள். மிலோஸ்லாவ் ஷ்வான்ட்ர்லிக் எழுதிய மூல நாவல் 1969-லேயே வந்துவிட்டது, மேஜர் அதிலேயே இருக்கிறார்.

மேஜராக நடித்த பாவெல் லாண்டோவ்ஸ்கி செக்காரர். ஸ்லோவாக் பாத்திரத்துக்குச் செக் நடிகரா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் கூடவே இன்னொன்றையும் எழுதுங்கள்: கம்யூனிஸ்ட் மேஜராக வருகிற இவர் நிஜத்தில் அரசை எதிர்த்த 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர், 1977 ஜனவரியில் அதைக் கொண்டுபோகும்போது பிற்பாடு ஜனாதிபதியான நாடக ஆசிரியர் ஹாவெலுடன் காரில் போலீஸிடம் மாட்டியவர், பிறகு வியன்னாவில் வாழ வேண்டி வந்தவர்.

கைடு மறுபடியும் டேபிள் கேட்டால் போட்டுக் கொடுங்கள், கடைசியில் பின்னிணைப்பாக. முதல் அத்தியாயத்தில் வைக்காதீர்கள்.