உப்பங்கழிச் சேற்றில் அடுப்பு எரியுமா?

கேள்வி: தேவிபட்டினம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் உப்பங்கழி ஓரத்தில் கன்னங்கரேலென்று சேறு கிடக்கிறது. ஆப்பிரிக்காவில் இப்படிச் சேற்றை வெட்டிக் காயவைத்து, மரக்கரிக்குப் பதிலாக எரிக்கிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். எங்கள் மகளிர் குழு இதைத் தொழிலாக எடுத்துச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சேறு எரியாது. ஆனால் கரிக்கு மாற்றாக ஒன்று செய்து விற்க உங்கள் பக்கத்திலேயே வேறு சரக்கு இருக்கிறது.

காணொளியில் நீங்கள் பார்த்தது பீட். (நர்சரியில் விற்கும் கோகோ பீட் வேறு. அது தென்னை நார்க்கழிவு, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) புல்லும் பாசியும் வருடம் முழுக்க நீரில் மூழ்கி, காற்றுப் படாததால் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தால் பீட் உண்டாகும். ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிடிக்கும். ருவாண்டா, புருண்டி சதுப்புகளில் அது இருக்கிறது. கரிக்காகக் காடு அழிவதால் அதைத் தோண்டி எரிக்கப் பார்த்தார்கள். அங்கேயும் வீட்டு அடுப்புக்கு அது அவ்வளவாகப் பிடித்துப்போகவில்லை, புகையும் வாடையும் அப்படி. காய்ந்த பீட் எடைக்கு எடை மரக்கரியில் பாதி வெப்பம்தான் தரும்.

நம் பக்கம் நீலகிரியின் உச்சிச் சதுப்புகளில் பீட் உண்டு. கேரளத்தில் குட்டநாட்டின் ‘கரி’ நிலங்களில் அதைப் போன்ற கருமண் இருக்கிறது. ராமநாதபுரத்தில் மழை இரண்டு மூன்று மாதம், மீதி வெயில். விழுந்த இலை மக்கிப் போகும், இல்லையென்றால் நண்டு தின்றுவிடும்.

அப்படியானால் சேறு ஏன் கறுப்பு? இரும்பும் கந்தகமும் சேர்ந்த நிறம் அது. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள், அழுகிய முட்டை வாடை அடிக்கும். வெட்டிய கட்டியைக் காற்றில் போட்டுவையுங்கள், கறுப்பு வெளுத்துச் சாம்பலும் பழுப்புமாக மாறும். கரியாக இருந்தால் நிறம் இப்படி மாறாது. இந்தச் சேறு காயக் காய அமிலம் ஊறும், கொட்டிய இடத்தில் செடி முளைப்பது கடினம். அடுப்பில் போட்டால் கந்தகப் புகை கண்ணைக் கரிக்கும்.

நம்பிக்கை வரவில்லையா? நன்றாகக் காய்ந்த சேறு 100 கிராம் எடுத்து, பழைய இரும்புச் சட்டியில் போட்டு, வெட்டவெளியில் சட்டி சிவக்கும் அளவுக்கு ஒரு மணி நேரம் எரியுங்கள். ஆறியதும் எடை போடுங்கள். நல்ல பீட் என்றால் பெரும்பகுதி எரிந்து போயிருக்கும். உங்கள் சட்டியில் எண்பது, தொண்ணூறு கிராம் மண் அப்படியே கிடக்கும் என்பது என் கணிப்பு.

அப்புறம், சட்டம். அலையாத்திக் காடும் சேற்றுத்திட்டும் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மிகக் கண்டிப்பான பிரிவில் வருகின்றன. தோண்டினால் வழக்குதான்.

சரி, என்ன செய்யலாம்? ருவாண்டாவின் கவலை நமக்கு இல்லை. இங்கே கரியாவது சீமைக்கருவேலம், வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம். வீணாவது வேறொன்று. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் கரிமூட்டம் பிரிக்கும்போது பாருங்கள். கட்டிக்கரி சாக்கில் போய்விடும், தூள் தரையிலேயே கிடக்கும். மொத்தக் கரியில் பத்தில் ஒரு பங்காவது இப்படித் தூளாகிவிடும். குமுட்டி அடுப்பு இருந்த காலத்தில் நம் பாட்டிகள் இதைச் சாணத்தோடு பிசைந்து உருண்டை பிடித்தார்கள். நீங்கள் சாணத்துக்குப் பதில் மரவள்ளி மாவு சேருங்கள், புகை குறையும்.

சலித்த தூள் 10 கிலோவுக்கு மாவு 500 முதல் 800 கிராம். மாவைப் பச்சையாகக் கொட்டாதீர்கள். கூழாகக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் தூளோடு பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரல் தடம் நிற்க வேண்டும், தண்ணீர் கசியக்கூடாது. உருண்டையோ பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் அடைத்துத் தள்ளிய கட்டையோ, எதுவானாலும் நன்றாக அழுத்துங்கள். தளர்ந்தால் அடுப்பிலேயே உதிரும். மூன்று நான்கு நாள் வெயில் போதும், நம் ஊரில் அதற்கா பஞ்சம்!

தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஒருமுறை சோம்பலில் உப்புத்தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். காயும்போது நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசிக் காற்றில் ஈரத்தை இழுத்துக்கொண்டு, மூட்டை அவிழ்த்தபோது களிபோலக் குழைந்திருந்தது. உப்பு இரும்பு அடுப்பையும் அரிக்கும்.

விற்பனைக்கு முதலில் டீக்கடை, இஸ்திரி வண்டி பக்கம் போங்கள். வீட்டுக்கு வாங்குபவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: கதவும் சன்னலும் அடைத்த அறையில் கரி அடுப்பு வைக்கக்கூடாது. அதன் நச்சுவாயுவுக்கு வாடையே கிடையாது, உட்கார்ந்த இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

மூட்டக்காரரிடம் தூள் கேட்கப் போகும்போது சல்லடையைக் கையோடு கொண்டு போங்கள். சலித்த பிறகு எடை போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து வாரிய தூளில் மண் நிறைய இருக்கும், அதற்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள்.