சைக்கிள் பிரேக் கட்டைகள் எல்லாம் ஒரே இறப்பர்தானே, விலை கூடியதை வாங்குவதில் பயன் உண்டா?

"எல்லாம் ஒரே இறப்பர்தானே" என்று நீங்கள் கேட்டதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஹொரணைப் பக்கத்தில் ஓர் இறப்பர்த் தொழிற்சாலையின் கலவைப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். அங்கே அச்சில் வார்த்த பொருள்களில் சைக்கிள் பிரேக் கட்டையும் ஒன்று. நான் பொறியியலாளன் அல்லன், எந்தக் கடைக்கும் சார்பாகப் பேசுபவனும் அல்லன். என் கையால் கலந்ததையும் என் உடம்பில் பட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

இறப்பர் மட்டும் என்றால் அது பிரேக் கட்டையே ஆகாது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகளுக்கிடையே இறப்பரை விட்டு, அது பிசைந்த மாவைப் போல இளகி உருளையைச் சுற்றிக்கொண்ட பிறகு, நாக ஒட்சைட்டு, ஸ்டியரிக் அமிலம், காபன் கறுப்பு, சிலிக்கா என்று ஒவ்வொன்றாகத் தூவி, கத்தியால் வெட்டி மடித்து மீண்டும் மீண்டும் உள்ளே விடுவோம். கந்தகத்தைக் கடைசியில்தான் சேர்ப்போம், ஏனென்றால் முன்னதாகச் சேர்த்தால் உருளையின் சூட்டிலேயே கலவை கருகி இறுகத் தொடங்கிவிடும். பிறகு தகட்டைத் துண்டாக்கி நிறுத்து, பசை பூசிய ஆணியோடு அச்சில் வைத்து, ஏறக்குறைய 150 பாகை செல்சியஸில் சில நிமிடங்கள் அழுத்தினால் கட்டை வெளியே வரும். வல்கனைசுப்படுத்தல் என்று பாடசாலையில் படித்தது இதைத்தான்.

கட்டைக்குக் கட்டை வேறுபடுவது இந்தக் கலவைக் கணக்கில்தான். மழையில் பிடிக்க வேண்டும் என்றால் இரும்பு ஒட்சைட்டைப் போன்ற நுண்ணிய தூள்களைச் சேர்ப்பார்கள். கூல் ஸ்டொப் நிறுவனத்தின் சால்மன் நிற, அதாவது இளஞ்சிவப்புக் கலந்த செம்மஞ்சள் நிறக் கட்டை அந்த நிறத்தில் இருப்பதும் அதனால்தான். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் கல்சியம் காபனேற்றையும் களிமண்ணையும், பழைய ரயரை அரைத்த தூளையும் அளவுக்கு மீறிச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் வெளித்தோற்றத்தில் நல்லதும் மலிவானதும் ஒரே கறுப்பு, ஒரே வடிவம். முந்தைய பதிலில் ஒருவர் "எல்லாம் ஒரே இடத்தில் செய்து பெயரை மட்டும் மாற்றுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். அப்படியும் நடக்கலாம், ஆனால் ஒரே அச்சில் இரண்டு விதக் கலவையை வார்க்கலாம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் கொழும்பே வரிசையில் நின்ற காலத்தில், ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். குரோம் பூசிய இரும்பு றிம். கட்டைகள் தேய்ந்திருந்ததால் கிடைத்த மலிவானதைப் போட்டுக்கொண்டேன். ஒக்டோபர் மாதத்து மாலை மழையில், வெள்ளவத்தையில் காலி வீதியில் வந்துகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் சென்ற பஸ் தரிப்பிடம் இல்லாத இடத்தில் நின்றது. இரண்டு பிரேக் பிடிகளையும் ஹான்டில் தொடும்வரை அழுத்தினேன். சைக்கிள் வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸின் பின்பக்கத்தில் முழங்காலை இடித்து விழுந்தேன், ஐந்து தையல்.

காரணம் எளிது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சக்கரம் ஒரு செக்கனில் இரண்டரைச் சுற்றுச் சுற்றுகிறது. கட்டை முதலில் றிம்மில் உள்ள நீரைத் துடைக்க வேண்டும், அதன் பிறகே பிடிக்கத் தொடங்கும். வழவழப்பான குரோமில் நீர்ப்படலம் எளிதில் விலகாது. அதனால்தான் இங்கிலாந்தில் இரும்பு றிம்முக்கென்று தோல் பதித்த கட்டைகளே செய்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டையைக் கழற்றி நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தடம் பதியவில்லை. கண்ணாடி போல மினுங்கியது.

அதன் பிறகு மூன்று விதக் கட்டைகளை வாங்கி, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள எங்கள் ஒழுங்கையில் ஞாயிறு விடியற்காலையில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே சைக்கிள், ஒரே வேகம், வெண்கட்டியால் கோடு. மகள் போத்தலில் நீர் எடுத்து றிம்மை நனைத்துக் கொடுத்தாள். உலர்ந்த றிம்மில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நனைந்ததும் மலிவான கட்டை மற்ற இரண்டையும் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. அடுத்த வாரம் மகளின் அலுமினிய றிம் சைக்கிளில் அதே மூன்றையும் போட்டபோது, மலிவான கட்டைகூட என் இரும்பு றிம்மில் நல்ல கட்டை நின்ற இடத்துக்கு முன்பே நின்றுவிட்டது. இதை ஆய்வு என்று நான் சொல்லவில்லை, ஆனால் சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்திலும் உலர்ந்த நிலையில் மணிக்கு 25, நனைந்த நிலையில் 16 கிலோமீற்றர் வேகம் என்று தனித்தனியாகத்தான் பிரேக்கைச் சோதிக்கிறார்கள். உலர்ந்த வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்ல கட்டை" என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

எனக்கு உள்ள பெரிய ஆதங்கம், கடையில் தொங்கும் பக்கெற்றில் எந்த றிம்முக்கு உரியது என்பதும் இல்லை, செய்த திகதியும் இல்லை என்பதுதான். இறப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகும் பொருள்; வாசலில் இரண்டு வருடம் தொங்கிய கட்டையைப் புதிது என்று விற்கிறார்கள். பாண் பக்கெற்றுக்குத் திகதி கேட்கும் நாம் இதற்குக் கேட்பதில்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு காந்தத்தை றிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, நல்ல கட்டைக்குக் காசு கொடுங்கள், முடிந்தால் பிறகு முன் சக்கரத்துக்காவது அலுமினிய றிம் போடுங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். நடுத்தர விலைக் கட்டை போதும், ஆனால் மாதம் ஒருமுறை கழற்றி, அதில் பதிந்திருக்கும் அலுமினியத் துகள்களை ஊசியால் கிண்டி எடுத்துவிட்டு மண்கடதாசியால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவை றிம்மையே அராவிவிடும். காபன் இழையால் செய்த றிம் என்றால் அந்த றிம்மைச் செய்தவர் சொல்லும் கட்டையைத் தவிர வேறெதையும் போடாதீர்கள்.