ஸ்டாக்ஹோம் ரிட்டார்ஹூசெட்: உள்ள போகலாமா, போனா எதைப் பார்க்கணும்?

கேள்வி: ஜூன்ல ஸ்டாக்ஹோம்ல இருக்கற பொண்ணு வீட்டுக்குப் போறோம் சார். பழைய டவுன் பக்கம் ரிட்டார்ஹூசெட்னு ஒரு பெரிய செங்கல் கட்டடம், பிரபுக்களோட அரண்மனைன்னு மாப்பிள்ளை சொல்றார். ஒரு காலைப்பொழுதுதான் கையில இருக்கு. உள்ள போறது வொர்த்தா? அங்க யாரு வாழ்ந்தாங்க?

பதில்: யாரும் வாழலைங்க. தங்கக் கட்டில், ராணியோட அலங்கார ரூம்னு நெனச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க, அதெல்லாம் பார்க்கணும்னா ராஜா அரண்மனை அங்கேர்ந்து நடக்கற தூரந்தான். இது பிரபுக்கள் கூடி ஓட்டு போட்ட சபை. அப்போ ஸ்வீடன் பார்லிமென்ட்ல நாலு பிரிவு: பிரபுக்கள், பாதிரியார்கள், நகரத்து வியாபாரிங்க, விவசாயிங்க. 1626ல ராஜா இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் ஒரு சட்டம் போட்டார், எந்தெந்தக் குடும்பம் பிரபுக் குடும்பம்னு பதிவாகணும், பதிவான குடும்பத்துக்கு ஒரு ஓட்டு, அதையும் குடும்பத் தலைவர்தான் போடணும். அதுக்குப் பின்னாடி இருந்த மூளை சான்சலர், அதாவது ராஜாவோட தலைமை அமைச்சர் அக்செல் உக்சென்ஷேர்னா. இத மனசுல வச்சுக்கிட்டு உள்ள போங்க, இல்லன்னா சுவர் முழுக்க ஏதோ கேடயம் மாட்டி வச்சிருக்காங்கன்னுதான் தோணும்.

மொதல்ல வெளியவே பத்து நிமிஷம் நில்லுங்க. 1641ல ஆரம்பிச்ச வேலை 1674ல தான் முடிஞ்சுது, ஏன்னா ஆர்க்கிடெக்ட் மாறிக்கிட்டே இருந்தாங்க. முதல் ஆளு பிரான்ஸ்காரர் சிமோன் ட லா வாலே, அவரை 1642ல ஒரு பிரபுவே தாக்கிக் கொன்னுட்டார், அதுவும் உக்சென்ஷேர்னா குடும்பத்து ஆளு! பிரபுக்களுக்கு சபை கட்ட வந்தவருக்கு பிரபு கையாலயே சாவு. அப்புறம் ஹைன்ரிக் வில்ஹெல்ம்னு ஒரு ஜெர்மன்காரர், அவருக்கப்புறம் ஹாலந்துலேர்ந்து வந்த யூஸ்ட் விங்க்போன்ஸ், இந்த செவப்பு செங்கலும் மணற்கல் தூண்களுமா இருக்கற முகப்பு அவர் கைவண்ணம். கடைசியில செத்துப் போனவரோட மகன் ஷான் ட லா வாலே வந்து முடிச்சார். கூரைய நல்லா பாருங்க, நடுவுல ஒரு சின்ன சுவர் வச்சு ரெண்டு அடுக்கா வளைஞ்சு ஏறும், அது அவரோடது. இதைப் பார்த்துட்டுதான் ஸ்வீடன் கிராமத்து பண்ணை மாளிகைங்க எல்லாம் அதே மாதிரி கூரை போட்டுக்கிச்சு. என்னைக் கேட்டா இந்தக் கட்டடத்தோட பெஸ்ட் பார்ட் இந்தக் கூரைதான்.

உள்ள மாடியில இருக்கற பெரிய ஹால்தான் மெயின். கூரையில ஏரன்ஸ்ட்ரால் வரைஞ்ச 1670கள் காலத்துப் பெயின்டிங், சபைத் தலைவரோட தந்தம் பதிச்ச நாற்காலி, அப்புறம் சுவர் பூரா 2,300க்கு மேல செப்புத் தகட்டுச் சின்னங்கள். இந்தச் சின்னங்க வெறும் டெகரேஷன் இல்ல, ஒவ்வொண்ணும் பதிவான ஒரு குடும்பம், அதாவது ஒரு ஓட்டு. எல்லாத்தையும் பார்க்க முடியாது, கழுத்து வலிதான் மிச்சம், ரெண்டு மட்டும் தேடுங்க. ஒண்ணு நாட் ஓ தாக், இன்னைக்கும் இருக்கற ரொம்பப் பழைய குடும்பம், கேடயத்துல மேல தங்கம் கீழ நீலம், அவ்ளோதான். இன்னொண்ணு வான் லின்னே, செடிகொடி மிருகங்களுக்கு ரெட்டைப் பேர் வைக்கற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ்தான், நடுவுல முட்டையும் தலைக்கவசத்து மேல அவருக்குப் புடிச்ச அந்தச் சின்னப் பூவும் இருக்கும். ஸ்டாஃப் கிட்ட பேரைச் சொல்லிக் கேளுங்க, ஏன்னா நீங்களா தேடினா பொழுது போயிடும்.

அதே ஹால்லதான் 1865 டிசம்பர் 7ஆம் தேதி பிரபுக்கள் தங்களோட தனி சபையே வேணாம்னு தாங்களே ஓட்டு போட்டாங்க, 361க்கு 294. பெருந்தன்மைன்னு மட்டும் சொல்லிட முடியாது, வெளிய தெருவுல ஜனங்க கூடி நின்னுக்கிட்டிருந்தாங்க, நெருக்கடியும் இருந்துச்சு. 1902ல பிரபுப் பட்டம் வாங்குன ஊர்சுற்றி ஆராய்ச்சியாளர் சுவென் ஹெடின்தான் அந்தப் பட்டம் வாங்குன கடைசி ஆளு, 2003லேர்ந்து இது அரசாங்கத்துக்கு சம்பந்தமில்லாத தனியார் அமைப்பு. ஆனாலும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பங்க கூடிப் பேசிட்டுதான் இருக்காங்க.

வெளிய வந்தா நிக்கற அந்த சதுக்கத்துலதான் 1810 ஜூன் 20ல பட்டத்து இளவரசர் சவ ஊர்வலத்தப்போ ஆக்செல் வான் ஃபெர்சன்ங்கற பிரபுவைக் கூட்டம் அடிச்சே கொன்னுச்சு. இளவரசருக்கு விஷம் வச்சது இவர்தான்னு வதந்தி. பக்கத்துல படையும் நின்னுச்சு, தடுக்கல. பிரான்ஸ் ராணி மரி அந்துவானெத்தை 1791ல பாரிஸ்லேர்ந்து தப்பிக்க வைக்கப் பார்த்தாரே, அதே ஃபெர்சன்தான்.

நிறைய பேர் குழப்பிக்கற விஷயம் ஒண்ணு. பாலம் தாண்டி ரிட்டார்ஹோல்மென் சர்ச்லயும் இதே மாதிரி சின்னங்க தொங்கும், ஆனா அது ஸ்வீடனோட உயர்ந்த விருதான செராஃபிம் விருது வாங்கின தனி ஆளுங்களோடது, மண்டேலாவுக்குக்கூட அங்க ஒண்ணு இருக்கு. இங்க இருக்கறது குடும்பங்களோடது. ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தா வித்தியாசம் நல்லா புரியும்.

டைமிங்தான் சிக்கல். வழக்கமா வாரநாள்ல மட்டும், அதுவும் மதியம் ஒட்டி கொஞ்ச நேரந்தான் திறப்பாங்க, விசேஷம் இருந்தா அதுவும் இல்ல. அதனால முதல் நாளே அவங்க வெப்சைட்ல பார்த்துட்டு, காலைல சர்ச்சை முடிச்சுட்டு அப்புறம் இங்க வாங்க. காம்லா ஸ்டான் (அதான் பழைய டவுன்) மெட்ரோவுல இறங்கினா நடை ரொம்ப கம்மி. சனி ஞாயிறு மட்டும்தான் ஃப்ரீன்னா உள்ள போற ஆசையை விட்டுட்டு கூரையைப் பார்த்துட்டு நடைய கட்டுங்க.