காணிக்கைப் பைக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குப் புதிதாகப் பொருளாளர் ஆகியிருக்கிறேன். இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள். பாதிப் பேர் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று வெளியூர்களில். இதுவரை முந்தைய பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குத்தான் சந்தாவும் காணிக்கையும் அனுப்பி வந்தார்கள். இப்போது என் எண்ணைக் கேட்கிறார்கள். கோயிலுக்கென்று தனி க்யூஆர் வாங்கலாமா? வருகிற பணம் எதற்கு என்று பிரிப்பது எப்படி? வரி விலக்குக்கு ரசீது கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட சகோதரி ஒருவர் கட்டட நிதிக்குப் பெரிய தொகை தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: முதலில், உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். யார் வற்புறுத்தினாலும், "தற்காலிகமாக" என்று சொன்னாலும் வேண்டாம். உங்கள் கணக்கில் விழும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் பணமாகவே பார்க்கப்படும். வருமான வரித் துறை கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் கோயில் பணத்துக்காக உங்கள் வாரிசுகளிடம் கமிட்டி போய் நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்றும் உண்டு. மோசடிப் பணம் எங்கிருந்தோ சுற்றி ஒரு கணக்குக்கு வந்து சேர்ந்தால், சைபர் கிரைம் போலீஸ் அந்தக் கணக்கை முடக்கச் சொல்வது இப்போது சர்வசாதாரணம். நூறு பேர் பணம் அனுப்பும் கணக்குக்கு அந்த வாய்ப்பு அதிகம். அப்போது சபைக் காணிக்கையோடு உங்கள் சம்பளமும் சேர்ந்து நிற்கும்.

கணக்கு சபையின் பெயரில் இருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. சபைகளில் பான் எண்ணும் பதிவு ஆவணங்களும் பெரும்பாலும் மேல் மட்டத்தில் இருப்பதால், வங்கிக்குப் போகும் முன், பல சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் திருமண்டல அலுவலகத்துக்குப் போங்கள். கமிட்டித் தீர்மானத்தின் நகல், திருமண்டலத்தின் அனுமதிக் கடிதம், பான், கையெழுத்திடும் இருவரின் ஆதார் மற்றும் புகைப்படம் ஆகியவற்றை வங்கி கேட்கும். குருவானவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். இப்படி இருவர் சேர்ந்து இயக்கும் கணக்கிலிருந்து பொதுவாக யு.பி.ஐ. வழியே பணம் வெளியே போகாது. உள்ளே மட்டும் வரும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். கோயில் கணக்குக்கு இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

கணக்கு இருக்கும் கிளையிலேயே நிறுவனங்களுக்கான க்யூஆருக்கு விண்ணப்பியுங்கள். வகை என்று ஒரு கட்டம் இருக்கும். மத நிறுவனங்களுக்கு உரிய குறியீடு 8661. அவசரத்தில் வங்கி ஊழியர் 'சில்லறை வியாபாரம்' என்று போட்டுவிட்டுப் போவார், கேட்டு வாங்குங்கள். யு.பி.ஐ. வரவுக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் (நிறுவன க்யூஆர் வைத்திருப்பவரை வங்கி இப்படித்தான் அழைக்கும்) கட்டணம் பிடிப்பதில்லை; 1,000 ரூபாய் அனுப்பினால் 1,000 ரூபாயும் வரும். இணையதளத்தில் கார்டு மூலம் வாங்கும் ஏற்பாட்டுக்குக் கட்டணம் உண்டு: சுமார் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் 1,000 ரூபாயில் 23 ரூபாய் 60 காசு போய்விடும். கிரெடிட் கார்டில் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கடனில் கொடுத்த காணிக்கையை மாதக் கடைசியில் வட்டியோடு கட்டுகிற குடும்பம் உங்கள் சபையிலேயே இருக்கும்.

க்யூஆரோடு ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றையும் தருவார்கள், மாத வாடகைக்கு. மறுத்துவிடுங்கள். ஆராதனை நடுவே "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தினால், ஐம்பது போட்டவர் அடுத்த வாரம் கோயிலுக்கே வர யோசிப்பார். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்க வேண்டும் என்று படித்த இடத்தில் அதற்கு வேலையில்லை. இதே காரணத்துக்காக வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறவர்கள் நீங்கள், குருவானவர், தணிக்கையாளர் என்று நிற்கட்டும். பைக்குள் விழும் நோட்டில் பெயர் இல்லை, யு.பி.ஐ.யில் பெயர், நேரம் எல்லாம் பதிவாகிறது. யார் எவ்வளவு என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் சில சபைகளில் வந்திருக்கிறது, கூடவே கூடாது.

இனி உங்கள் உண்மையான தலைவலி. யார் அனுப்பினார்கள் என்பது ஸ்டேட்மென்ட்டில் தெரியும். எதற்கு என்பது தெரியாது. அனுப்புகிறவர் குறிப்பு எழுதும் கட்டத்தில் 'ஜூன் சந்தா' என்று எழுதினாலும் பல வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டில் அது பாதியாக வெட்டுப்பட்டு வரும், அல்லது வரவே வராது. தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வந்து நிற்பதும் உண்டு. ரூபாயின் கடைசி இலக்கத்தைக் குறியீடாக வைக்கலாமா என்றால், நம் ஊரில் 101, 501, 1,001 என்று ஒற்றை ரூபாய் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் அதைக் குழப்பிவிடும். ஆகவே காசைப் பயன்படுத்துங்கள். சந்தாவுக்கு 1 காசு, தசமபாகத்துக்கு 2, ஸ்தோத்திரக் காணிக்கைக்கு 3, கட்டட நிதிக்கு 4, மிஷனெரிப் பணிக்கு 5, அசனத்துக்கு (சபை விருந்து) 6. 500 ரூபாய் கட்டட நிதிக்கு அனுப்புகிறவர் 500.04 என்று போட வேண்டும். எல்லா யு.பி.ஐ. செயலியும் காசை ஏற்கும். ஸ்டேட்மென்ட்டில் அந்த எண்ணை எந்த வங்கியும் வெட்டாது. எக்செல்லில் காசை வைத்துப் பிரித்தால் ஒரு மாதக் கணக்கு நொடியில் தலைப்புவாரியாக வந்துவிடும். இந்த ஆறு வரியையும் க்யூஆர் அட்டையின் கீழேயே பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். காசு இல்லாமல் வருகிற தொகை பொதுக் காணிக்கையில் சேரும் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு, அறிவிப்பு வேளையில் இரண்டு மூன்று ஞாயிறு வாசித்துவிடுங்கள். பிறகு "நான் கட்டட நிதிக்குத்தானே அனுப்பினேன்" என்று வருகிறவரிடம் வாதாட வேண்டியிருக்காது.

சந்தாவுக்கு மட்டும் இது போதாது, குடும்ப எண்ணும் வேண்டும். அப்பாவின் சந்தாவைச் சென்னையிலிருந்து மகன் அனுப்புவான். ஸ்டேட்மென்ட்டில் மருமகள் பெயர் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்திடமும் எந்தெந்தக் கணக்குப் பெயரிலிருந்து பணம் வரும் என்று ஒரு முறை எழுதி வாங்கிப் பதிவேட்டின் முன்பக்கத்தில் ஒட்டுங்கள். சந்தா பாக்கி இருந்தால் சபைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் பெயர் நிற்காது என்பதால், இந்தப் பிழை வெறும் கணக்குப் பிழையாக முடியாது. தேர்தல் ஆண்டில் ஒரே கணக்கிலிருந்து பதினைந்து குடும்பங்களின் பாக்கி ஒரே நாளில் வந்து விழலாம். ஏன் என்று உங்களுக்கே தெரியும். அனுப்பியவர் பெயரை அப்படியே பதிந்து, கமிட்டியின் பார்வைக்கு வைத்துவிட்டு, திருமண்டல விதி என்ன சொல்கிறதோ அதன்படி ரசீது போடுங்கள். நீங்களாக எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வாரம் ஒரு முறை, திங்கள் மாலை வைத்துக்கொள்ளலாம், ஸ்டேட்மென்ட்டை இறக்கிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்: தேதி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அனுப்பியவர் பெயர், குடும்ப எண், தலைப்பு, தொகை, ரசீது எண். ஞாயிறு பை எண்ணும் தாளில் மின்வழித் தொகையை எழுதவே எழுதாதீர்கள். அதை எண்ணியவர்கள் கையெழுத்திடுவது தாங்கள் கண்ணால் பார்த்த ரொக்கத்துக்கு மட்டும். நிறுவன க்யூஆரில் ஞாயிறு வந்த பணம் மறுநாள் மொத்தமாகக் கணக்கில் சேரும் ஏற்பாடு சில வங்கிகளில் உண்டு. அப்படியானால் தனித்தனி விவரத்தை வங்கியின் வணிகர் செயலியில்தான் பார்க்க வேண்டும். மார்ச் 31 இரவு வந்தது ஏப்ரல் 1-ல் வரவாகும். தணிக்கைக்கு முன்பே இதைக் குறித்து வைத்தால் பிழைத்தீர்கள்.

"பணம் போய்விட்டது, கோயிலுக்கு வரவில்லை" என்ற புகார் வரும். உடனே இன்னொரு முறை அனுப்பச் சொல்லாதீர்கள். இரட்டை வரவு அப்படித்தான் வருகிறது. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, தனிநபர் கணக்குக்கு அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியது என்றால் 5 நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு. புகாரை அனுப்பியவர்தான் தம் வங்கியிலோ செயலியிலோ கொடுக்க வேண்டும். புதிதாக யு.பி.ஐ. தொடங்கியவர் முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. பேரன் ஞாயிறு காலை போட்டுக் கொடுத்த செயலியில் தாத்தா பத்தாயிரம் அனுப்ப முயன்று திணறுவது இதனால்தான். பெரிய தொகைக்கு நெஃப்ட் (வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றும் முறை) போதும், 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் உண்டு.

மோசடியில் உங்களுக்கு வரக்கூடியவை இரண்டு. ஒன்று, உங்கள் க்யூஆர் மேல் வேறொருவர் தம்முடையதை ஒட்டிவிடுவது. அட்டையை வெளி வாசலில் தொங்கவிடாமல் உள்ளே கண்ணாடிச் சட்டத்துக்குள் வையுங்கள். ஞாயிறு மணி அடிக்கும் முன் கோயில் பிள்ளை (கோயில் பணியாளர்) அதை ஒரு முறை ஸ்கேன் செய்து, திரையில் சபையின் பெயர் வருகிறதா என்று பார்க்கட்டும். 2025 ஜூன் முடிவுக்குள் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே திரையில் காட்ட வேண்டும் என்று யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. உத்தரவிட்டதால் இந்தச் சோதனை நம்பகமானது. இரண்டு, "5,000 அனுப்ப வேண்டிய இடத்தில் 50,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு வரும் அழைப்பு. ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. போலியாகச் செய்யும் செயலிகளே இருக்கின்றன. ஸ்டேட்மென்ட்டில் வரவு இருந்தால் மட்டும், வங்கி மூலமாக, பணம் வந்த அதே கணக்குக்கே திருப்ப வேண்டும்.

பையை நிறுத்திவிட வேண்டாம். மின்வழியில் கொடுப்பவர்களுக்கும் பை வரும்போது போட ஏதாவது கையில் இருந்தால் நன்றாக இருக்கும். 'மின்வழியில் செலுத்தினேன்' என்ற சின்ன அட்டைகளைப் பெஞ்சில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

வரி ரசீதைப் பற்றி: குறிப்பிட்ட ஒரு மதத்தாரின் நலனுக்காக உள்ள அமைப்புக்கு 80ஜி (நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் பிரிவு) அங்கீகாரம் கிடைக்காது. ஆகவே சபைச் சந்தா, தசமபாகம் எதற்கும் வரிக்கழிவு இல்லை; உங்கள் ரசீதில் அப்படி ஒரு வாசகம் அச்சடிக்கவும் கூடாது. திருமண்டலத்தின் பள்ளியோ இல்லமோ தனி அறக்கட்டளையாக அங்கீகாரம் பெற்றிருந்தால், அதற்கு நேரடியாகக் கொடுப்பவர்கள் கழிவு கேட்கலாம். அதுவும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது.

கனடாச் சகோதரியின் பணத்தைச் சபைக் கணக்கில் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ.வில், பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிடக் கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே கணக்கு. துபாயில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கனடாக் குடிமகள், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும், இந்தியாவில் உள்ள தம் என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வாழ்வோருக்கான ரூபாய்க்) கணக்கிலிருந்து ரூபாயில் அனுப்பினாலும், விடுமுறைக்கு வந்தபோது உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. அதைப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் வாங்க முடியும். திருமண்டலத்துக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அங்கே அனுப்பச் சொல்லலாம், ஆனால் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிட முடியாது. உங்கள் கட்டட வேலை பதிவு பெற்ற அமைப்பின் செலவாகவே நடக்குமா என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஊரில் உள்ள அண்ணன் கணக்குக்கு அனுப்பி அவர் பெயரில் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது குறுக்கு வழி, ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சட்டத்தை மீறினால் 5 ஆண்டு வரை சிறை உண்டு. தெரியாமல் பணம் வந்துவிட்டிருந்தால் தொடாமல் வைத்து, திருமண்டலத்துக்கும் ஆடிட்டருக்கும் அன்றே தெரிவியுங்கள்.

கடைசியாக, முந்தைய பொருளாளரின் கணக்கு. அவர் பதவிக் காலம் முழுவதற்குமான ஸ்டேட்மென்ட்டை வாங்கி, கோயில் வரவுகளை இருவரும் சேர்ந்து குறித்து, ஏற்கெனவே கட்டியது போக மீதியை ஒரே தொகையாகச் சபைக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு, கமிட்டித் தீர்மானத்தோடு சேர்த்து வையுங்கள். அவர் மேல் சந்தேகம் என்று யாரும் நினைக்காதபடி இதை அவரே கேட்டுக்கொண்டதாகக் குறிப்பில் எழுதலாம்; உண்மையில் அவருக்குத்தான் இது பாதுகாப்பு. அவருடைய எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள் இன்னும் சில மாதம் பழக்கத்தில் அனுப்பிக்கொண்டுதான் இருப்பார்கள். மாதம் ஒரு முறை அவர் பட்டியலோடு அதை மாற்றித் தரட்டும்; அனுப்பியவர்களுக்கு ரசீதோடு புதிய க்யூஆரையும் அனுப்பிவிடுங்கள்.