தேதி முடிந்தது, வளையம் கழலவில்லை: அபராதம் கட்டலாமா?

கேள்வி (2021): ஐயா, என் கணவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். கூட வேலை செய்தவருக்குக் கோவிட் என்று தெரிந்ததும், இவரையும் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லி ஒரு போராங் (உத்தரவுப் படிவம்) கொடுத்து, கையில் பிங்க் வளையம் மாட்டிவிட்டார்கள். சோதனையில் இவருக்கு நோய் இல்லை என்றுதான் வந்தது. போராங்கில் போட்டிருந்த கடைசித் தேதி பிப்ரவரி 18. அதற்கு அப்புறம் யாரும் வரவில்லை, விடுவித்த கடிதமும் வரவில்லை. போராங்கில் இருந்த எண்ணுக்கு எத்தனை தடவை அடித்தாலும் எடுப்பார் இல்லை. 20ஆம் தேதி பிள்ளைக்குப் பால்மாவு வாங்க மோட்டாரில் டவுனுக்குப் போனார். சாலைத் தடுப்பில் ஐ.சி.யை (அடையாள அட்டையை) நீட்டும்போது சட்டைக் கைக்குள்ளிருந்து வளையம் தெரிந்துவிட்டது. 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) அபராத நோட்டீஸ் எழுதிவிட்டார்கள். மார்ச் 11க்கு மேல் அது 10,000 வெள்ளி ஆகிவிடும், இப்போதே 600 கொடுத்தால் ஆபீசில் பேசி முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். தோட்டத்திலும் கேட்டைப் பூட்டி, யாரும் வெளியே போகக்கூடாது என்கிறார்கள். மனிதனுக்குச் சுதந்திரம் என்று ஒன்றுமே இல்லையா? கட்டுவதா, வேண்டாமா?

வக்கீல் பதில்: அம்மா, முதலில் அந்த 600 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

2021 மார்ச் 11 கதையை எடுத்துக்கொள்வோம். அந்தத் தேதியிலிருந்து அபராதம் தனி ஆளுக்கு 10,000 வெள்ளி வரை, நிறுவனத்துக்கு 50,000 வெள்ளி வரை ஏறுகிறது என்பது உண்மை. அவசரகாலச் சட்டத்தின் வழியாக அப்படித் திருத்தம் செய்து அறிவித்துவிட்டார்கள். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் டவுனுக்குப் போனது பிப்ரவரி 20. அன்றைக்கு நடப்பில் இருந்தது 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், அதாவது எல்லாரும் 'சட்டம் 342' என்று சொல்வது. அதில் 25ஆவது பிரிவின்படி இப்படிப்பட்ட அபராதத்தின் உச்சவரம்பே 1,000 வெள்ளிதான். குற்றம் நடந்த நாளில் சட்டத்தில் இருந்ததைவிடப் பெரிய தண்டனையைப் பிறகு யாருக்கும் போடக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டம் 7ஆவது விதியில் சொல்லியிருக்கிறது. ஆகவே 11ஆம் தேதி விடிந்ததும் உங்கள் நோட்டீசில் ஒரு சுழியம் கூடிவிடாது.

இது அந்த 600 வெள்ளிக்காரருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நன்றாகவே தெரியும். புதுத் தொகை அறிவிப்பு வந்ததிலிருந்து இந்த ஆட்களுக்கு நல்ல அறுவடை. கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள், கையில் இரண்டு போன், சட்டைப் பையில் யாரோ ஒரு டத்தோவின் பெயர் அட்டை. "உள்ளே நம்ம ஆள் இருக்கு" என்பதுதான் அவர்கள் வைத்திருக்கும் ஒரே மூலதனம். வாங்கிய பணத்தில் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டார்கள். நீங்களே ஒரு மனு எழுதிப் போட்டிருந்தால் அபராதம் குறைந்திருக்கலாம். அவர் உங்கள் பெயரில் அதே மனுவைப் போடுவார். குறைந்தால் "என்னால்தான்" என்பார், குறையாவிட்டால் "ஆள் மாறிப்போச்சு" என்பார். சில பேர் அதைக்கூடச் செய்வதில்லை. கெடு தாண்டி நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும்போதுதான் குடும்பத்துக்கே விஷயம் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் நிஜமாகவே உள்ளே ஓர் அதிகாரிக்குப் பணம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது லஞ்சம். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்கியவனுக்கும் கொடுத்தவனுக்கும் ஒரே தண்டனை, இருபது ஆண்டு வரை சிறை. அதிகபட்சம் 1,000 வெள்ளி போகக்கூடிய விஷயத்துக்கு இப்படி ஒரு வம்பை விலைக்கு வாங்கவேண்டுமா? நோட்டீசையும் ஐ.சி. நகலையும் ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தால், இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.

வளையத்தை வெட்டாமல் கழற்றித் தருகிறேன், சோதனை முடிவை அச்சடித்துத் தருகிறேன் என்கிறவர்களும் இந்தக் கூட்டம்தான். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, சுதந்திரத்துக்கு வருவோம். இருக்கிறது. நாடு முழுக்க நடமாடும் உரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் 9ஆவது விதி குடிமக்களுக்குத் தருகிறது. அதே வாக்கியத்துக்குள், பொதுச் சுகாதாரத்துக்காக இயற்றப்படும் சட்டத்துக்கு உட்பட்டு என்றும் எழுதியிருக்கிறது. கவனியுங்கள், சட்டத்துக்கு உட்பட்டு. அதிகாரியின் வாய்ச்சொல்லுக்கோ, மேனேஜரின் வாட்ஸ்அப் செய்திக்கோ, ரேலா தொண்டர்படைக்காரர் போட்ட சத்தத்துக்கோ உட்பட்டு என்று எழுதவில்லை. உங்களைப் பத்து நாள் வீட்டில் உட்காரவைக்கும் அதிகாரம் சட்டம் 342இன் 15ஆவது பிரிவில் இருக்கிறது. அதிகாரம் பெற்ற அலுவலர் அதைப் பயன்படுத்துவது அந்தப் போராங் மூலமாக. போராங் இருந்தால் உத்தரவு இருக்கிறது. இல்லாவிட்டால், உத்தரவு இருந்ததென்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது அவர்கள் பாடு.

இது நான் சொல்லும் வியாக்கியானம் இல்லை, நம் கண் முன்னால் நடந்தது. 2020இல் கெடா மாநிலத்தில், இந்தியாவிலிருந்து திரும்பிய உணவகக்காரர் ஒருவர் வீட்டுக் கண்காணிப்பில் இருக்கவேண்டிய நாளில் கடைக்குப் போய்விட்டார். 'சிவகங்கா' தொற்றுத்தொடர் அப்படித்தான் தொடங்கியது. ஆகஸ்டில் அவருக்கு ஐந்து மாதச் சிறை, 12,000 வெள்ளி அபராதம். செய்தது தப்புதான், எத்தனையோ பேருக்கு நோய் பரவியது, நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் துருக்கியிலிருந்து திரும்பிய அமைச்சர் ஒருவர் தனிமைப்படுத்திக்கொள்ளாமல் நாடாளுமன்றத்துக்கே போனார். யார் தெரியுமா? நம் தோட்டத்தொழிலுக்கு அப்போது பொறுப்பாயிருந்த அமைச்சரேதான். அவருக்கு 1,000 வெள்ளி அபராதம். அக்டோபரில், மேல் நடவடிக்கை இல்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். சொன்ன காரணம், வீட்டுக் கண்காணிப்புப் போராங் அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை என்பது.

சட்டப்படி அது சரியான காரணம்தான், அதுதான் வயிற்றெரிச்சல். போராங் கொடுக்காமல் விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. 2021 பிப்ரவரியில் இன்னொன்று. அரசாங்க வேலையாக வெளிநாடு போய்த் திரும்பும் அமைச்சர்களுக்கு மூன்று நாள் கண்காணிப்பு போதும் என்று அரசிதழில் போட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குப் பத்து நாள், அமைச்சருக்கு மூன்று. கிருமிக்குப் பதவி தெரியுமா என்று என்னிடம் வழக்குக் கொண்டுவந்த கட்சிக்காரர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் கோபத்தைக் கோபமாகவே வைத்திருந்து பயனில்லை. அமைச்சரைக் காப்பாற்றிய அதே காகிதக் கணக்கு உங்கள் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் உதவும்.

அவர் கையிலிருந்த உத்தரவு 18ஆம் தேதியோடு முடிகிறது. நீட்டித்து வேறு போராங் தரவில்லை. 20ஆம் தேதி அவர் மீறியது எந்த உத்தரவை? இதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி. அவர்கள் பக்கத்துப் பதிலும் ஒன்று உண்டு. ஆபத்தில்லை என்று அலுவலர் விடுவிக்கும் வரை கண்காணிப்பு நீடிக்கலாம் என்று 15ஆவது பிரிவில் இருக்கிறது, விடுவிப்புக் கடிதம் இல்லையே, வளையமும் கையில் இருந்ததே என்பார்கள். அதுவும் பேசக்கூடிய வாதம்தான், அதனால் கண்டிப்பாக ஜெயிப்போம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேதி முடிந்து, போன் அடித்து, பதில் கிடைக்காதவன் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும்? அலுவலகத்தின் சோம்பலை ஒரு மனிதனின் சிறைவாசமாக நீட்டுவதற்குச் சட்டம் இடம் தரக்கூடாது என்பது என் கருத்து. நானாக இருந்தால் மனு போடுவேன்.

நோட்டீசில் போட்டிருக்கும் கெடுவுக்கு முன்பே, அதை வெளியிட்ட மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் கொடுங்கள். மலாயில் ஒரு பக்கம் போதும். தோட்டத்துக் கிராணியோ (எழுத்தரோ), இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளையோ எழுதலாம். அபராதத்தை ரத்து செய்யுங்கள், முடியாவிட்டால் குறையுங்கள் என்று கேளுங்கள். கூடவே போராங் நகல், நோய் இல்லை என்ற முடிவு, பால்மாவு ரசீது, சம்பளச் சீட்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் போனில் இருக்கும் அழைப்புப் பட்டியல். அந்த எண், தேதி, நேரம் மூன்றும் தெரிகிற மாதிரி இன்றைக்கே படம் பிடித்துவையுங்கள். பழைய அழைப்புகள் தானாக அழிந்துவிடும், போன் மழையில் நனைந்தாலும் போச்சு. கடிதத்தின் இரண்டாவது நகலில் முத்திரை வாங்காமல் கவுண்டரைவிட்டு நகராதீர்கள். முத்திரை இல்லை, அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்றால் வரும்வரை உட்காருங்கள்.

போன கையோடு விடுவிப்புக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள், வளையத்தையும் அங்கேயே வெட்டச் சொல்லுங்கள். வீட்டில் கத்தரிக்கோலைத் தேடாதீர்கள்.

மனு தள்ளுபடியானால் கட்டிவிடுவது ஒரு வழி. கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது. அது நீதிமன்றத் தண்டனை இல்லை, குற்றப்பதிவு ஆகாது, வேலைக்கோ, பஸ், டாக்சி ஓட்டும் பி.எஸ்.வி. லைசென்சுக்கோ இதனால் தண்டனை பெற்றவர் என்று யாரும் சொல்லமுடியாது. கட்டாமல் விட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கவேண்டி வரும். அங்கே 24ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று போகலாம். கொள்கைக்காகச் சண்டை போடுவதென்றால் வக்கீலை வைத்துக்கொண்டு போடுங்கள். வசதி இல்லாதவர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தைக் கேட்கலாம், குற்ற வழக்குகளில் மலேசியக் குடிமக்களுக்கு உதவுவதற்குத்தான் அது இருக்கிறது.

இங்கே ஒரு விலக்கைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் தோட்டத்து மக்கள் தேவையில்லாமல் பயந்து உயிரை விடுகிறார்கள். நோய் இருப்பது தெரிந்தவர் பொது இடத்தில் பிறருக்கு ஆபத்து உண்டாக்கக்கூடாது என்கிறது 12ஆவது பிரிவு. இதற்குப் போராங்கே வேண்டியதில்லை, நோய் தெரிந்தால் போதும். ஆனால் தக்க பாதுகாப்போடு சிகிச்சைக்குப் போகிற வழிக்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. பச்சையாகச் சொன்னால், மூச்சுத் திணறினால் வளையத்தோடே மருத்துவமனைக்குப் போகலாம். "வெளியே போனால் ஆயிரம் வெள்ளி" என்று சொல்லிக்கொண்டு இரவெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். முதலில் 999க்கு அடியுங்கள், கண்காணிப்பில் இருப்பவர் என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் சொந்தக் கார், கண்ணாடி இறக்கி, முகக்கவரி போட்டு. பஸ் வேண்டாம், கிரேப் வாடகைக் கார் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் வேண்டவே வேண்டாம். நேராகப் போய் நேராகத் திரும்புங்கள். வழியில் மளிகைக் கடையில் நின்றால் அந்த விலக்கு அங்கேயே போய்விடும். மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நெஞ்சுவலி, பிரசவ வலி, பிள்ளைக்கு வலிப்பு, நீரிழிவுக்காரர் மயங்கி விழுவது, இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி வாங்க உட்கார்ந்திருக்காதீர்கள். பால்மாவு இதில் சேராது அம்மா. கண்காணிப்பு நாளில் அதை அக்கம்பக்கத்தார் வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து கேட். தோட்ட நிர்வாகம் வெளியாளை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லலாம், அது அவர்கள் நிலம். உள்ளே குடியிருக்கிறவரை வெளியே விடமாட்டேன் என்று சொல்ல நிர்வாகத்துக்கு எந்தச் சட்டத்திலும் அதிகாரம் இல்லை. ஒருவர் போக உரிமையுள்ள வழியை மறிப்பது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 339ஆவது பிரிவில் குற்றம். அரசாங்கமே அந்த இடத்தை முழு அடைப்பு என்று அறிவித்தால் கதை வேறு. அப்போது கேட்டில் போலீஸ் நிற்கும், அறிவிப்பும் இருக்கும். உங்கள் கேட்டில் நிற்பது யார்? தோட்டத்துக் காவலாளியா? அப்படியானால் "எந்த உத்தரவு, எழுத்தில் காட்டுங்கள்" என்று மேனேஜரிடம் கேளுங்கள். சங்கத் தலைவரையும் இரண்டு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு மரியாதையாகவே கேளுங்கள். இந்த ஊர்த் தோட்டங்களில் 1948இல் துரைமார் சுடப்பட்டு, நாட்டில் அவசரகாலம் வந்தபோது, லயன்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை, முள்கம்பிக்குள் கொண்டுபோன கதை நம் தாத்தா பாட்டிமாருக்குத் தெரியும். கேட் பூட்டினால் கேள்வி கேட்காமல் திரும்பி நடக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததோ என்னவோ.

கடைசியாக, ஒருவேளை போலீஸ் வாக்குமூலம் எடுக்கக் கூப்பிட்டால், வீட்டுக்காரருக்கு மலாய் சந்தைப் பேச்சு அளவுதான் வரும் என்றால், தமிழிலேயே சொல்லட்டும். எழுதியதை அவர் சொன்ன மொழியிலேயே வாசித்துக் காட்டி, திருத்தச் சந்தர்ப்பம் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்கவேண்டும். "தேதி முடிந்துவிட்டதென்று நினைத்துப் போனேன்" என்று இவர் சொன்னது, "தடை இருப்பது தெரிந்தே போனேன்" என்று தாளில் ஏறிவிட்டால் நான் வந்தாலும் காப்பாற்றுவது கடினம். நீதிமன்றம் வரை போனாலும் அப்படியே. மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அவர் வருவதற்கு முன் 'ஆமா ஐயா' என்று தலையாட்டவேண்டாம்.