எஸ்டோனியா சம்பளம், விலைவாசி: மகனை அனுப்பலாமான்னு கேட்ட அம்மாவுக்கு

வணக்கம்மா. உங்க மெசேஜ முழுசா படிச்சேன். பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிட்டு எஸ்டோனியாலதான் மாஸ்டர்ஸ் படிப்பேன்னு நிக்கிறார், கன்சல்டன்சில "அங்க சம்பளம் வருஷத்துக்கு 8 பர்சென்ட் ஏறுது"ன்னு ஆசை காட்டிருக்காங்க, பையனோட மாமா "அங்க விலைவாசி 19 பர்சென்ட் ஏறிப்போச்சு, பொருளாதாரமே படுத்துடுச்சு"ன்னு பயம் காட்டிட்டார், நடுவுல நீங்க வீட்ட அடமானம் வைக்கிறதா வேணாமான்னு தூக்கம் இல்லாம இருக்கீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லலமா. ஒருத்தர் 2024 கணக்க சொல்றார், இன்னொருத்தர் 2022 கணக்க சொல்றார், ஆனா உங்க பையனுக்கு ரெண்டுமே நேரா பொருந்தாது, அது ஏன்னு சொல்றேன்.

எஸ்டோனியா ரொம்ப சின்ன நாடு, மொத்த ஜனத்தொகையே 14 லட்சத்துக்கும் கீழ. 2004ல ஐரோப்பிய யூனியன்ல சேந்தாங்க, 2011ல யூரோவுக்கு மாறிட்டாங்க. யூரோவுக்கு மாறுனதால வட்டிய ஏத்துறது இறக்குறது அவங்க கையில இல்ல, ஐரோப்பிய மத்திய வங்கிதான் முடிவு பண்ணும். 2022ல உக்ரைன் போர் வந்ததும் கரண்ட், கேஸ் விலை எகிறிடுச்சு. அங்க நிறைய வீடுகளுக்கு கரண்ட் பில்லே சந்தை விலைய வச்சு நேரத்துக்கு நேரம் மாறும்மா. 2022 ஆகஸ்ட் 17 சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் 4 யூரோ வரைக்கும் போச்சு, நம்ம பணத்துல 300 ரூபாய்க்கு மேல, ஒரே ஒரு யூனிட்டுக்கு. அந்த மாசம் விலைவாசி முந்தின வருஷத்த விட கிட்டத்தட்ட 25 பர்சென்ட் அதிகம், வருஷ சராசரிதான் மாமா சொன்ன அந்த 19.4.

இப்ப சம்பளத்துக்கு வருவோம். 2021ல அங்க சராசரி மாச சம்பளம், பிடித்தம் போறதுக்கு முன்னாடி, 1548 யூரோ. 2022ல 1685 ஆச்சு. பேப்பர்ல பாத்தா கிட்டத்தட்ட 9 பர்சென்ட் ஏறிருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஆனா 2021ல 1548 யூரோவுக்கு வாங்குன அதே சாமான 2022ல வாங்க 1848 யூரோ வேணும். கைக்கு வந்த சம்பளம் ஏறுச்சு, அத வச்சு வாழுற வாழ்க்கை இறங்கிடுச்சு. அதனால யாராவது சம்பளம் இத்தன பர்சென்ட் ஏறுதுன்னு சொன்னா, அதே வருஷம் விலைவாசி எவ்ளோ ஏறுச்சுன்னு உடனே கேளுங்க, பதில் இல்லன்னா அந்த நம்பர விட்டுடுங்க. 2024ல நிலைமை மாறுச்சு, சராசரி 1981 யூரோ, ஏற்றம் 8.1, விலைவாசி 3.5 தான். கன்சல்டன்சி சொன்ன எட்டு இதுதான்.

ஆனா எனக்கு இதுலதான் கவலை. 2023ல அந்த நாட்டு ஜிடிபி, அதாவது மொத்த உற்பத்தி, 3 பர்சென்ட் சுருங்குச்சு, 2024லயும் வளர்ச்சின்னு சொல்ல ஒண்ணும் இல்ல, வேலையில்லாதவங்க 7.6 பர்சென்ட் ஆனாங்க. அவங்க மரத்தையும் மரவீடுகளையும் வாங்குற ஸ்வீடன், ஃபின்லாந்துல கட்டுமானம் ரொம்ப குறைஞ்சுபோச்சு, எஸ்டோனியால வீட்டுக்கடன் முக்காவாசி மாறுற வட்டிங்கறதால, ஐரோப்பிய மத்திய வங்கி வட்டிய ஏத்துனதும் ஜனங்க கையில செலவுக்கு காசு இல்ல. பொருளாதாரம் சுருங்கும்போது சம்பளம் மட்டும் எப்படி ஏறுதுன்னு கேப்பீங்க. குறைந்தபட்ச சம்பளத்தையே 2022ல 654 யூரோவா இருந்தத 2025ல 886 ஆக்கிட்டாங்க, விலைவாசில இழந்தத திருப்பிக் குடுன்னு வேலைல இருக்குறவங்க கேக்குறாங்க, ஆள் பற்றாக்குறையான துறைல கம்பெனி குடுத்துத்தான் ஆகணும். குடுத்துட்டு என்ன பண்ணுவாங்க? புதுசா ஆள் எடுக்குறத தள்ளி வைப்பாங்க. அதாவது அந்த எட்டு பர்சென்ட் ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கவங்களுக்கு வந்ததுமா. வெளிய நிக்குற உங்க பையனுக்கு வேண்டியது காலி இடம். சராசரி சம்பளம் எவ்ளோங்கறத விட, அனுபவம் இல்லாதவனுக்கு, எஸ்டோனியன் மொழி தெரியாதவனுக்கு எத்தன வேலை இருக்குங்கறதுதான் நீங்க பாக்க வேண்டிய கணக்கு.

ஐடி அங்க நிஜமாவே பலமான துறை, அத மறுக்க மாட்டேன். ஸ்கைப்ப உருவாக்குன இன்ஜினியர்கள் தலைநகர் தாலின்லதான் இருந்தாங்க, டாக்ஸி ஆப் போல்ட், வெளிநாட்டுக்கு பணம் அனுப்புற வைஸ் எல்லாம் எஸ்டோனியாக்காரங்க ஆரம்பிச்சது. ஐடில சராசரி 3000 யூரோவ தாண்டும், நாட்டு சராசரியவே அதுவும் தாலினும்தான் மேல இழுக்குது, கிழக்குப் பக்கம் இடா-விரு போனா சம்பளம் நல்லாவே கம்மி. ஆனா ஐடிலயும் சீனியர்களுக்கு இருக்குற கிராக்கி ஃப்ரெஷர்களுக்கு இல்ல. இன்னொண்ணு, படிச்சு முடிச்சா வேலை தேட 270 நாள் தங்க விடுறாங்க, நல்ல விஷயம், ஆனா வெளிநாட்டுக்காரங்களுக்கு வேலைக்கான பெர்மிட் பொதுவா நாட்டு சராசரி சம்பளமாவது குடுக்குற வேலைக்குத்தான், சராசரி ஏற ஏற அந்தக் கோடும் மேல போகும். சில விதிவிலக்கு உண்டு, பையனோட படிப்புக்கு எது பொருந்தும்னு பெர்மிட் குடுக்குற அரசு அமைப்பான போலீஸ் அண்ட் பார்டர் கார்டு போர்டு சைட்லயே பாக்க சொல்லுங்க, ஏஜென்ட் வாயால கேக்க வேணாம்.

செலவுப் பக்கம். 2000 யூரோ சம்பளம்னா பிடித்தம் போக கைக்கு 1500ல இருந்து 1700க்குள்ளதான் வரும். பொருள் மேல போடுற வரி 2023 வரைக்கும் 20 பர்சென்ட், 2024ல 22, 2025 ஜூலைல இருந்து 24. நாட்டுப் பாதுகாப்புச் செலவு ஏறிட்டதால வரியும் ஏறிடுச்சு. வாடகைன்னு விளம்பரத்துல போடுறது தனி, ஹீட்டிங் பில் தனி, குளிர்காலத்துல அது நல்லாவே கடிக்கும். தாலின்ல குடியிருப்பா பதிவு பண்ணிட்டா சிட்டி பஸ், டிராம் இலவசம், அந்த அளவுக்கு நிம்மதி.

வீட்ட அடமானம் வைக்கிறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்மா. டார்ட்டு யூனிவர்சிட்டி, டால்டெக் (தாலின் டெக்னாலஜி யூனிவர்சிட்டி) ரெண்டுலயும் ஃபீஸ் தள்ளுபடி சீட் உண்டு, மொதல்ல அதுக்கு முட்டி மோதட்டும். கிடைக்கலன்னா, படிப்பு முடிஞ்சும் ஆறு மாசம் வேலை இல்லன்னு வச்சுக்கிட்டு, அந்த ஆறு மாசமும் படிப்புக் கடன் இஎம்ஐய உங்க வீட்டு வருமானத்துல கட்ட முடியுமான்னு கணக்கு போடுங்க. முடியும்னா போகட்டும். முடியாதுன்னா இங்க ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு அனுபவத்தோட போகட்டும், அப்ப அவர் ஃப்ரெஷர் கிடையாது, கதவு வேற மாதிரி திறக்கும்.

பையனுக்கு ஒரு வேலை குடுங்க. எஸ்டோனியா வேலை சைட்டுகள்ல ஒரு மாசம் தினமும் ஜூனியர் ஐடி வேலைகள பாத்து, எஸ்டோனியன் மொழி கேக்காத, ரெண்டு வருஷ அனுபவம் கேக்காத விளம்பரங்கள மட்டும் எழுதி வைக்கட்டும், எந்த ஸ்கில் கேக்குறாங்கன்னும் சேத்து. அந்த லிஸ்ட்டும், அப்ளை பண்ற கோர்ஸ் பேரும், உங்க மாச வருமானமும் எனக்கு அனுப்புங்க, லோன் எவ்ளோ வரைக்கும் போகலாம்னு உக்காந்து பாத்து சொல்றேன்.